கலங்காத சேறு

ஆய்வுக் கப்பலின் பின்தளத்துக்கு எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் நேரம் ஒன்று உண்டு. நான்காயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்கிய கம்பி வடத்தை வின்ச் சுருட்டிக்கொண்டிருக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தாலும் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல், ஏற இன்னொரு மணி நேரம். கடைசியில் தண்ணீர் வழிய வழிய ஓர் இரும்புச் சட்டம் மேலே வரும். அதன் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள் கொத்தாக மாட்டியிருக்கும். ஒவ்வொரு குழாயிலும் கீழே சேறு, மேலே கடலடித் தண்ணீர். வந்து நிற்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தத் தண்ணீரைத்தான். அது தெளிந்திருந்தால் முகம் மலரும். கலங்கியிருந்தால் அந்தக் குழாய் உதவாது. வடம் மறுபடியும் இறங்க வேண்டும்.

ஆழ்கடல் தரையில் எது வாழ்கிறது, எதைத் தின்று வாழ்கிறது, அங்கே எந்த வேதிவினை நடக்கிறது என்பதில் நமக்குத் தெரிந்த பெரும்பகுதி, இப்படிக் கலங்காமல் மேலே வந்த சேற்றிலிருந்து கிடைத்தது. கலங்கிய சேற்றை நம்பியிருந்த காலத்தில் அந்த உலகம் நமக்குத் தப்பாகத்தான் தெரிந்தது.

1840களில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஏஜியன் கடலில் வாரிவலையை இழுத்துப் பார்த்தார். ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைந்துகொண்டே வந்தன. சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரே இருக்காது என்று அவர் கணக்குப் போட்டார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் பல ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்தும் உயிரினங்களைக் கொண்டுவந்து அந்தக் கருத்தைப் பொய்யாக்கியது. ஆனால் அதன் வாரிவலைகளும் பெரிய கண் வைத்தவைதான். சிக்கியவை பெரிய உயிர்கள் மட்டுமே. மற்றவை சேற்றோடு சேர்ந்து வழியிலேயே நழுவிப்போயின. ஆழ்கடல் தரை உயிர் குறைந்த பாலைவனம் என்ற நினைப்பு அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

அதை உடைத்தது வலையின் கண். 1960களில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்திலிருந்து ஹோவர்டு சாண்டர்ஸும் ராபர்ட் ஹெஸ்லரும் மாசசூசெட்ஸ் கரையிலிருந்து பெர்முடா வரை ஒரே கோட்டில் சேறு எடுத்துக்கொண்டே போனார்கள். தரையை ஒட்டி நழுவும் சறுக்குவண்டி ஒன்றில் நுண்ணிய கண் கொண்ட வலையைக் கட்டி இழுத்தார்கள். வந்த சேற்றை மெல்லிய சல்லடையில் அலசினார்கள். அரிசியளவும் அதற்குக் குறைவுமான புழுக்கள், சிப்பிகள், கூனிக்கு உறவான குட்டி ஓட்டுயிர்கள் என்று இனம் இனமாகக் குவிந்தன. ஒரு சல்லடையை மாற்றியதும் பாலைவனம் காடாகிவிட்டது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. வாரிவலையும் சரி, கனமான பெட்டியைத் தரையில் குத்தி எடுக்கும் முறையும் சரி, தரையைத் தொடும் முன்பே தமக்கு முன்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தத் தள்ளலில் சேற்றின் மேல் படிந்திருக்கும் பஞ்சு போன்ற மெல்லிய படலம் பறந்துவிடும். தூசி படிந்த மேசையில் புத்தகத்தைத் தொப்பென்று போட்டால் தூசி பறப்பதைப் போல. அந்தப் படலம் இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

1980களின் தொடக்கத்தில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே, ஆழ்கடல் தரையில் நிறுத்திய கேமரா ஒன்று மாதக்கணக்கில் ஒரே இடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வசந்த காலத்தில் கடலின் மேற்பரப்பில் நுண்பாசிகள் பெருகியதற்குச் சில வாரங்கள் கழித்து, தரை பச்சைப் பழுப்பாக நிறம் மாறியது. பாசி செத்து, திரிதிரியாகச் சேர்ந்து, ஆயிரக்கணக்கான மீட்டர் கீழே வந்து படிந்திருந்தது. கீழே பருவமே கிடையாது, ஆண்டு முழுவதும் ஒரே குளிர், ஒரே இருட்டு என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய செய்தி. மேலே வசந்தம் வந்தால் கீழே விருந்து. ஏறக்குறைய அதே காலத்தில்தான் ஸ்காட்லாந்தில், நான் மேலே சொன்ன பல்குழாய்க் கருவி உருவானது. சட்டம் முதலில் தரையில் கால் ஊன்றி நிற்கும். பிறகு நீரியல் தணிப்பான் ஒன்று குழாய்களை மெதுவாக, மிக மெதுவாகச் சேற்றுக்குள் இறக்கும். அந்தப் பஞ்சுப் படலம் அப்படியே குழாயோடு மேலே வந்தது. அறிவியலில் பெரிய கேள்விகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்த மாதிரிப் பொறுமையான இயந்திர வேலையைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆழ்கடலைப் பொறுத்தவரை பாதி அறிவு இந்த வேலையில்தான் இருக்கிறது.

மூச்சு அடுக்குகள்

குழாய் மேலே வந்ததும் கெடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. கடலடியில் வெப்பநிலை 2 டிகிரி அளவில் இருந்தது. கப்பல் தளத்தில் வெயில் 30 டிகிரி. சேறு சூடானால் அதிலிருக்கும் பாக்டீரியாவின் வேகம் மாறும், கரைந்திருந்த வாயு வெளியேறும், இரும்பு ஆக்சிஜனைக் கண்டதும் துருவாகும். அதனால் குழாயை நேராகக் குளிர் அறைக்குக் கொண்டுபோகிறார்கள். வெளியே வெப்பமண்டல வெயில். உள்ளே கம்பளிச் சட்டையும் குல்லாயும் போட்டுக்கொண்டு வேலை.

குழாயின் அடியில் ஒரு உந்துதண்டை வைத்துச் சேற்றை மேல்நோக்கித் தள்ள வேண்டும். அரை சென்டிமீட்டர் வெளியே வந்ததும் தட்டையான தகட்டால் சீவி எடுத்துப் புட்டியில் போட வேண்டும். மறுபடி அரை சென்டிமீட்டர். மேல் பகுதி தயிர் மாதிரித் தளதளவென்று இருக்கும். கீழே போகப் போகக் குயவர் களிமண் போல இறுகும். சேற்றுத் துகள்களுக்கு இடையே நிற்கும் தண்ணீரைத் தனியாக உறிஞ்ச, குழாயின் பக்கவாட்டில் சிறு துளைகள் இட்டு, நுண்துளைகள் நிறைந்த குச்சி போன்ற உறிஞ்சியைச் செருகி ஊசிக்குழலால் இழுப்பார்கள். ஒரு அடுக்குக்குச் சில மில்லி தண்ணீர் கிடைத்தாலே அதிகம். சொட்டுச் சொட்டாகச் சேரும் அந்தத் தண்ணீரில்தான் கடலடியின் வேதியியல் முழுவதும் எழுதியிருக்கிறது.

அதைப் படிக்க ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும். மேலேயிருந்து விழும் செத்த பாசி, மீன் கழிவு, கூனியின் தோல் எல்லாம் சேற்றில் புதைகின்றன. அவற்றைத் தின்று எரிக்க உயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்துவதில்லை. வேறொன்றைக் கொண்டு மூச்சு விடுகின்றன. முதலில் நைட்ரேட். அது தீர்ந்தால் மாங்கனீசு ஆக்சைடு, பிறகு இரும்பு ஆக்சைடு. அப்புறம் கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்ஃபேட். அதுவும் முடிந்த ஆழத்தில் மீத்தேன் உண்டாகிறது. எதில் அதிக ஆற்றல் கிடைக்குமோ அது முதலில் தீரும், பந்தியில் நல்ல பலகாரம் முதலில் தீர்வதைப் போல. இந்த வரிசையைச் சேற்றின் நிறத்திலேயே பார்க்கலாம்: மேலே துருப் பழுப்பு, கீழே பச்சை கலந்த சாம்பல், இன்னும் கீழே கரும் சாம்பல்.

பிச்சாவரத்துச் சதுப்பில் கால் வைத்தவர்களுக்கு அந்தக் கறுப்பும் அழுகிய முட்டை நாற்றமும் தெரியும். அந்த நாற்றம் சல்ஃபேட்டால் மூச்சு விடும் பாக்டீரியா வெளியேற்றும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. உணவு மிகுந்த கரையோரச் சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே தீர்ந்துவிடுகிறது, அதனால் நாற்றம் காலடியிலேயே இருக்கிறது. நடுக்கடலின் ஆழத்தரையில் கதை தலைகீழ். மேற்பரப்பில் விளைந்த உணவில் நூற்றில் ஒரு பங்குதான் அங்கே போய்ச் சேருகிறது. ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் சேறுதான் படிகிறது. தின்ன அவ்வளவு குறைவாக இருப்பதால் ஆக்சிஜன் தீர்வதே இல்லை. பல இடங்களில் ஒரு மீட்டருக்கும் கீழே அது மிச்சமிருக்கிறது. தென் பசிபிக்கின் நடுப்பகுதியில் அடிப்பாறை வரைக்குமே ஆக்சிஜன் இருக்கிறது. அங்கே 2010-இல் துளையிட்டு எடுத்த சேற்றில், சுமார் 10 கோடி ஆண்டுப் பழைய அடுக்கிலிருந்த நுண்ணுயிர்களுக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவை உண்டு, பெருகின. 2020-இல் அந்த முடிவு வெளியானது. டைனோசர் காலத்துச் சேற்றுக்குள் பசியோடு காத்திருந்த உயிர் என்று எழுதும்போதே எனக்குக் கை சிலிர்க்கிறது.

உயிர் வேதியியலுக்குக் கட்டுப்பட்டது என்பதோடு இது நிற்கவில்லை. வேதியியலை உயிரும் மாற்றுகிறது. சேற்றில் வளை தோண்டும் புழு, மேல் தண்ணீரைத் தன் வளைக்குள் இறைக்கிறது. அந்த வளையைச் சுற்றி மட்டும் சேறு பழுப்பாக இருக்கும். புழுக்கள் மேல் அடுக்கை ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் என்ன ஆகும்? அரபிக்கடலில் பார்க்கலாம். அங்கே சுமார் 150 மீட்டரிலிருந்து 1,200 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த நீர்ப்படலம் ஒன்று நிற்கிறது. அது பாகிஸ்தான் கரையோரச் சரிவைத் தொடும் இடங்களில் தோண்டும் புழுக்கள் வாழ முடியாது. கிளற ஆளில்லாததால் ஆண்டுதோறும் படியும் சேறு மர வளையங்களைப் போல மெல்லிய வரி வரியாக அப்படியே கிடக்கிறது. பருவமழை எந்த நூற்றாண்டில் வலுத்தது, எப்போது தளர்ந்தது என்பதை அந்த வரிகளில் படிக்கிறார்கள். புழு இல்லாத சேற்றில்தான் மழையின் வரலாறு தங்கியிருக்கிறது.

கடலடியில் பத்து மாதம் கிடந்த சாப்பாடு

ஆழத்தில் பாக்டீரியா எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்ற கேள்விக்கு முதல் தடயம் கிடைத்தது ஒரு விபத்தில். 1968 அக்டோபரில், மூன்று பேர் உட்காரும் ஆல்வின் என்ற அமெரிக்க நீர்மூழ்கியைத் தண்ணீரில் இறக்கும்போது வடம் அறுந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பி வெளியே குதித்தார்கள். ஆல்வின் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்தது. பத்து மாதம் கழித்து அதை மேலே தூக்கியபோது, மூழ்கிய அன்று கட்டிவைத்த மதியச் சாப்பாடு உள்ளேயே இருந்தது. இறைச்சி வைத்த ரொட்டி, ஆப்பிள், குடுவையில் சூப். ரொட்டி ஊறிப்போயிருந்தது, அவ்வளவுதான். கெட்டுப்போகவில்லை. அதை ஏறக்குறைய அதே குளிரில், குளிர்பதனப் பெட்டியில் வைத்தபோது சில வாரங்களில் கெட்டுவிட்டது.

அப்படியென்றால் குளிர் மட்டும் காரணமில்லை. ஹோல்கர் யானாஷ் என்ற நுண்ணுயிரியலாளர் இதைப் பிடித்துக்கொண்டார். உணவு அடைத்த புட்டிகளைக் கடலடியில் மாதக்கணக்கில் விட்டுவைத்துப் பார்த்ததில், அதே வெப்பநிலையில் மேலே நடப்பதைவிட 10 முதல் 100 மடங்கு மெதுவாகவே சிதைவு நடந்தது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று ஏறும் அழுத்தம், மேலிருந்து போன பாக்டீரியாவை முடக்கிவிடுகிறது. அந்த அழுத்தத்துக்கே பழகிய, அது குறைந்தால் வளராத பாக்டீரியாக்களும் உண்டு என்பது 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் தெரிந்தது. அந்த உயிர்களைப் பிடித்து மேலே கொண்டுவருவதே அவற்றைத் தொந்தரவு செய்வதுதான். அழுத்தத்தைத் தாங்கி மூடும் உலோகக் கலங்களும், தரையிலேயே உட்கார்ந்து அளவெடுக்கும் கருவிகளும் உருவானது இந்தப் புரிதலால்தான்.

யானாஷ் புட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் இன்னொரு கதவு திறந்தது. 1977 பிப்ரவரியில் கலாபகோஸ் தீவுகளுக்குக் கிழக்கே, கடல் தரை இரண்டாகப் பிரிந்து விலகும் இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்க வேண்டும் என்று தேடிப் போனவர்கள் புவியியலாளர்களும் வேதியியலாளர்களும். கப்பலில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. கேமரா வண்டியை இழுத்ததில் 3,000 படங்கள் கிடைத்தன. அவற்றில் 13 படங்களில் மட்டும், வெப்பமானி சற்றே ஏறிய அந்த இடத்தில், கறுத்த எரிமலைப் பாறைமேல் வெள்ளை வெள்ளையாக மட்டிகள் குவிந்து கிடந்தன. ஆல்வின் 2,500 மீட்டர் இறங்கிப் பார்த்தது. பாறை வெடிப்புகளிலிருந்து கானல் போல நெளிந்துவந்த வெதுவெதுப்பான நீரைச் சுற்றி மட்டிகளும் நண்டுகளும், ஆள் உயரத்துக்கு வெள்ளைக் குழாய்களுக்குள் சிவப்பு இறகு நீட்டிய புழுக்களும் இருந்தன. பிடித்த உயிர்களைப் பதப்படுத்திவைக்க கப்பலில் இருந்த ஃபார்மலின் போதாமல், வழியில் பனாமாவில் வாங்கிய ரஷ்ய வோட்காவில் ஊறப்போட்டார்கள்.

வெயிலே எட்டாத அந்த ஆழத்தில் இத்தனை உயிர்கள் எதைக் கொண்டு வாழ்கின்றன? விடை உயிர்களிடமிருந்து வரவில்லை, தண்ணீர்ப் புட்டியிலிருந்து வந்தது. மாதிரிப் புட்டியைக் கப்பலில் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. பாறைக்குள் சுற்றிவரும் கடல்நீர் ஹைட்ரஜன் சல்ஃபைடை ஏந்தி வருகிறது. அதை ஆக்சிஜனோடு எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் பாக்டீரியா கார்பனை உடலாக்குகிறது. வெயில் செய்யும் வேலையைக் கந்தகம் செய்கிறது. குழாய்ப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. அது எப்படிச் சாப்பிடுகிறது என்ற புதிரை அவிழ்த்தவர் அப்போது ஹார்வர்டில் முதுநிலை மாணவியாக இருந்த காலீன் கேவனா. புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதாக ஒரு விரிவுரையில் கேட்டதும், உள்ளே கந்தகத்தை எரிக்கும் பாக்டீரியா குடியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1981-இல் அதை நிரூபித்தார். அந்தப் புழுவின் சிவப்பு நிறம் நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் ஒரு வகை. நமக்கு நஞ்சான சல்ஃபைடையும் ஆக்சிஜனையும் ஒன்றுக்கொன்று மோதாமல் தனித்தனிக் கையில் பிடித்து, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

சூரியனே வேண்டாத உலகம் என்று இதைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. கந்தகத்தை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் பாசியும் செடியும் வெளிவிட்டது. அந்த இருட்டிலும் வெயிலின் கடன் இருக்கிறது.

நம் கடலுக்கு வருவோம். இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டில், ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே, சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில் கைரேய் என்ற வெந்நீர் ஊற்றுக் களம் உள்ளது. 2000-இல் ஜப்பானியர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே போன அமெரிக்கக் குழு ஒரு நத்தையை எடுத்துவந்தது. அதன் பாதம் முழுவதும் ஓடு ஓடாகச் செதில்கள், கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல. செதில்மேல் கறுப்பாகப் பளபளக்கும் பூச்சு; பார்த்தால் இரும்பு சல்ஃபைடு. உடலில் இரும்புக் கனிமத்தைக் கவசமாகப் போட்ட வேறெந்த விலங்கும் நமக்குத் தெரியாது. அதுவும் கிட்டத்தட்டச் சாப்பிடாத உயிர்தான்: உணவுக்குழாயின் ஒரு சுரப்பி பெரிதாக வீங்கி, அதற்குள் பாக்டீரியா வைத்து வளர்க்கிறது. அந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கொடுக்கவே உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிய இதயம்.

இந்தக் கவசத்தை நத்தை திட்டமிட்டுச் செய்கிறதா? 2009-இல் அதே முகட்டில், சாலிடேர் என்ற இன்னொரு களத்தில் இதே இனம் கிடைத்தது. அங்கே செதில்கள் வெள்ளை, இரும்பே இல்லை. மரபணுவைப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம். வித்தியாசம் ஊற்று நீரில்: கைரேய் நீரில் இரும்பு மிகுதி, சாலிடேரில் மிகக் குறைவு. நத்தை தனக்கு வேண்டாத கந்தகத்தைச் செதிலின் நுண்ணிய வாய்க்கால்கள் வழியாக வெளியேற்றுகிறது. வெளியே நீரில் இரும்பு இருந்தால் இரண்டும் சேர்ந்து கவசமாகின்றன, இல்லாவிட்டால் இல்லை. நீரை அளக்காமல் நத்தையை மட்டும் எடுத்துவந்திருந்தால் இரண்டையும் வேறு வேறு இனமாகப் பெயரிட்டிருப்பார்கள். கடலடி ஆய்வில் உயிரியலாளரும் வேதியியலாளரும் ஒரே கப்பலில் போக வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2019-இல் இந்த நத்தை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. ஆழ்கடல் சுரங்கத்தால் வரும் ஆபத்தைக் காரணமாகக் காட்டிப் பட்டியலில் சேர்ந்த முதல் உயிர் அது.

உருண்டைகளும் உழவுத் தடமும்

நம் கரையோர மீனவர்கள் அடிக்கடலைச் சேறு, மணல், பார் என்று பிரித்துச் சொல்வார்கள். நடு இந்தியப் பெருங்கடலின் 5,000 மீட்டர் ஆழத்தில் இந்த மூன்றிலும் சேராத ஒரு தரை இருக்கிறது. சேற்றின்மேல் உருளைக்கிழங்கைக் கொட்டிவைத்ததுபோல் கறுப்பு உருண்டைகள். ஏதோ ஒரு சுறாப் பல்லோ ஓட்டுத் துண்டோ நடுவில் இருக்க, அதைச் சுற்றி மாங்கனீசும் இரும்பும் படலம் படலமாகப் படிந்தவை. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் வளர்பவை. நிக்கல், தாமிரம், கோபால்ட்டுக்காக உலகமே இப்போது அவற்றைப் பார்க்கிறது. இவையும் மேலே சொன்ன மூச்சு அடுக்குகளின் விளைவுதான்: சேற்றுக்குள் கரையும் மாங்கனீசும் கடல்நீரில் கரைந்து வரும் மாங்கனீசும் ஆக்சிஜனைச் சந்தித்து மறுபடி கெட்டியாவதால் உருண்டை வளர்கிறது.

ஜமைக்காவிலுள்ள சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் 2002-இல் போட்ட ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கு அங்கே 75,000 சதுர கிலோமீட்டரை ஆராயும் உரிமை இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த வராகா என்ற ஊர்தி 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்துத் தரையில் ஊர்ந்து பார்த்தது. மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோகவிருக்கும் மத்ஸ்யா 6000, 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளம். அதன் முதல் கட்ட நீர்ச் சோதனை 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நடந்தது. 2024 இறுதியில் இதே கழகத்தின் ஆளில்லா ஊர்தி நடு இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் உயிர்ப்புள்ள வெந்நீர் ஊற்று ஒன்றைப் படம் எடுத்தது. சென்னையிலிருந்து நடக்கும் வேலை இது. தமிழில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் உருண்டையை அள்ளுவது என்றால் என்ன? சேற்றின் மேல் பத்து சென்டிமீட்டர் அளவுக்குச் சேர்த்து அள்ளுவது. அந்தப் பத்து சென்டிமீட்டரில்தான் உணவு, புழு, பாக்டீரியா, ஆக்சிஜன் எல்லாம் சந்திக்கின்றன. உருண்டைமேலேயே ஒட்டி வாழும் பஞ்சுயிர்களும் பவளங்களும் தனி. பசிபிக்கில் இத்தகைய உருண்டைகள் நிறைந்த கிளாரியன்–கிளிப்பர்டன் வட்டாரத்தில் பதிவான உயிரினங்களை 2023-இல் ஒரு குழு தொகுத்தது: சுமார் 5,600 இனங்கள். அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. ஆழ்கடல் தரையில் மனிதக் கண்ணோ கேமராவோ நேரில் பார்த்தது 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று 2025-இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது.

அடிப்படை வேதியியலிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. தரையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளப்பது பழைய முறை. குறையும் வேகம்தான் அங்குள்ள உயிர்களின் மொத்த மூச்சு. ஆண்ட்ரூ ஸ்வீட்மேன் என்பவரின் குழு அதே வட்டாரத்தில் அளந்தபோது, பெட்டிக்குள் ஆக்சிஜன் கூடியது. கருவி பழுது என்று நினைத்துப் பல ஆண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். மறுபடி மறுபடி அப்படியே வரவும், 2024 ஜூலையில் அதை வெளியிட்டார்கள்: உருண்டையின் மேற்பரப்பில் 0.95 வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கிறது, அது நீரைப் பிளக்கக்கூடும் என்பது அவர்கள் ஊகம். நீரைப் பிளக்க அந்த அழுத்தம் போதாது, பெட்டிக்குள் மேலிருந்து மாட்டிக்கொண்டு போன காற்றுக்குமிழியாக இருக்கலாம் என்று மற்ற ஆய்வாளர்கள் எதிர்த்து எழுதினார்கள். வழக்கு முடியவில்லை. யார் பக்கம் சரியானாலும், ஒரு பெட்டித் தண்ணீரில் ஆக்சிஜன் கூடுகிறதா குறைகிறதா என்றே உடன்பாடு இல்லாத தரையை இயந்திரத்தால் வழிக்கலாமா என்பதை முதலில் கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன். இந்தியாவின் கையிலுள்ள பரப்பில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 1997-இலேயே ஒரு பட்டைத் தரையைக் கலக்கிவிட்டு, அடுத்த சில ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ச் சேறு எடுத்துப் பார்த்தது. அந்த நல்ல பழக்கத்தைப் பெரிய அளவில், பல பத்தாண்டுகளுக்குத் தொடர வேண்டும். சில ஆண்டுகள் போதாது என்பதற்குப் பெருவில் சான்று இருக்கிறது.

1989-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெருவுக்கு அப்பால் பசிபிக்கில் சுமார் 4,150 மீட்டர் ஆழத்தில், உருண்டைகள் நிறைந்த ஒரு வட்டமான தரையைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டு மீட்டர் அகலமுள்ள உழுகருவி ஒன்றை அதன் குறுக்கே 78 முறை இழுத்தார்கள். தரை எப்போது பழையபடி ஆகும் என்று பார்ப்பதே நோக்கம். 26 ஆண்டுகள் கழித்து, 2015-இல் சோனே என்ற ஆய்வுக் கப்பலில் திரும்பிப் போனார்கள். கேமரா இறங்கியதும் தெரிந்தது: உழவுத் தடங்கள் நேற்றுப் போட்டவைபோல அப்படியே இருந்தன. தடத்துக்கு வெளியே குழாய் இறக்கி எடுத்த சேற்றில் மேலே அடர்பழுப்பு, கீழே வெளிறிய களிமண். தடத்துக்குள் எடுத்ததில் பல இடங்களில் அந்தப் பழுப்பு அடுக்கையே காணோம். அடியில் இருக்க வேண்டிய களிமண் மேலே கிடந்தது. நுண்ணுயிர்களின் செயல்பாடு சில இடங்களில் நான்கில் ஒரு பங்காகவே சுருங்கியிருந்தது. அவை பழைய நிலைக்கு வர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அது 1989-இல் மட்டும் உழுத தரை. உருண்டைகளை அங்கிருந்து எடுக்கக்கூட இல்லை.